நாலு மணி நேரத் தூரம்

— பேனாவைச் சட்டைப் பையில வைங்க பெரிய மச்சான். நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

— ராபியா, ஆத்திரத்துல பேசாத. என் தம்பி மவுத்தாகி இன்னையோட பத்தொம்பது நாளு. ரியாத்துல ஏதோ ஒரு ஆசுபத்திரி ஐஸ் பெட்டிக்குள்ள கெடக்கான். நீ இதுல ஒரு கையெழுத்துப் போட்டா, இன்னைக்கு அஸர் தொழுகைக்குள்ள அங்கேயே அடக்கிருவாங்க. நான் சொல்லுதது விளங்குதா?

— நல்லா விளங்குது. அவுகளை அங்க அடக்க வேண்டாம், இங்க கொண்டு வரணும். அதைத்தான் நானும் பத்தொம்பது நாளா சொல்லுதேன். உங்களுக்குத்தான் விளங்கல.

— கொண்டு வாரது லேசுப்பட்ட காரியமா? கடல் தாண்டி வரணும்லா.

— கடல் தாண்ட எவ்வளவு நேரம் ஆவும்? ஃபர்ஸானா, நீ சொல்லு. பிளேன்ல சரக்கு அனுப்புத ஆபீசுலதான இருக்க.

— நாலு மணி நேரம் உம்மா. ரெண்டாயிரத்து எழுநூத்து எழுவது கிலோமீட்டர். காத்து நல்லா இருந்தா பத்து நிமிஷம் முன்னாடியே இறங்கிரும்.

— கேட்டியளா? நாலு மணி நேரம். வி.டி. ஸ்டேஷன்ல நாகர்கோவில் வண்டி ஏறினா, நாலு மணி நேரத்துல தவுண்டு கூட வராது. பூனாவுல வாங்கித் தின்ன வடை எண்ணெய் கையில காஞ்சிருக்காது.

— தூரமா இங்க பிரச்சினை? காகிதம், கபீல்ங்கிற அரபி முதலாளி, கோர்ட்டு, முத்திரை... ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு. அதைச் சொல்லுதேன்.

— பெரியவாப்பா, ஒன் மினிட். தப்பா எடுக்காதீங்க. நேத்து எங்க ஆபீசுலேர்ந்து ரியாத்துக்கு வெண்டைக்காய் போச்சு. ஆறு டன். சாயங்காலம் வாஷி மார்க்கெட்ல பெட்டி கட்டினாங்க. இன்னைக்கு அங்க கடையில வெச்சு விக்கிறாங்க. அதே பிளேன்தான் இங்க திரும்பி வருது. பாதி காலியா வருது. வெண்டைக்காய் ஒரே ராத்திரியில போகுது, எங்க வாப்பா பத்தொம்பது நாளா வரல. மத்லப், அதாவது, இது என்ன நியாயம்?

— மய்யித்தும் வெண்டைக்காயும் ஒண்ணாட்டி?

— இல்ல. வெண்டைக்காய்க்கு மரியாதை ஜாஸ்தி. ஒரு மணி நேரம் லேட்டானா பத்து பேரு போன் போட்டுக் கத்துவான்.

— வாயைப் பாரு. படிக்க வச்சதுக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்.

— படிக்க வச்சது ஐஸ்ல கெடக்குத மனுஷன், பெரிய மச்சான். நீங்க இல்ல.

— சரி, சரி. சண்டைக்கு வரல நான். கேளு ராபியா. அது எந்த மண்ணு? அரபு மண்ணு. நபிமாரு நடந்த நாடு. அங்க ஒரு கபுரு கெடைக்கணும்னு எத்தனை பேரு துஆ கேட்டுக்கிட்டு கெடக்கான் தெரியுமா? தாராவியில செத்து, ஒருத்தன் மேல ஒருத்தனா அடுக்குத கபுரஸ்தான்ல போய்ப் படுக்கதை விட அது மேல் இல்லையா?

— அம்புட்டு மேலான மண்ணுன்னா நீங்க ஏன் ஒரு தடவை கூட அங்க போகல?

— என்னது?

— ஜமாஅத்துல நாப்பது பேரு மக்காவுக்கு உம்ரா போயிட்டு வந்துட்டான். செருப்பு தைக்கிற பேகம்பாயி கூட சீட்டுப் போட்டுப் போனா. நீங்க பத்து மெஷின் வெச்சிருக்கீங்க, பேக்கு பெல்ட்டுன்னு துபாய்க்கு ஏத்துமதி பண்ணுதீங்க. வருஷா வருஷம் ஹாஜிமாருக்கு மாலை போட்டு ஏர்போர்ட் வாசல் வரைக்கும் போறீங்க. உள்ள போகலையே.

— அழைப்பு வரணும் ராபியா. அவன் கூப்பிடாம யாரும் போக முடியாது.

— சரி. அழைப்பு வரல. இருக்கட்டும். ஃபர்ஸானா, அந்தக் கடிகாரத்துல மணி என்ன?

— எட்டு பத்து.

— எட்டு பத்தா? ளுஹர் தொழுகைக்கு இன்னும் ரெண்டு மணி நேரம்கூட இல்லைன்னு நான் ஓடி வந்தேன். செல்லு தீந்து நின்னு போச்சா அது?

— நிக்கல பெரியவாப்பா. அது ரியாத் டைம். நம்ம டைம் அந்தப் பக்கம், ஃபிரிட்ஜ் மேல. பத்து நாப்பது.

— ரெண்டு கடிகாரம் எதுக்கு ஒரு ரூமுக்கு?

— உங்க தம்பி வாங்கி மாட்டினது. என் மவ பொறந்த வருஷம். நம்மளை விட ரெண்டரை மணி நேரம் பின்னாடி. நான் இங்க சோறு வடிக்கும்போது அவுக அங்க பல்லு விளக்குவாவ. 'ராபியா, அந்தக் கடிகாரத்தைப் பாத்தா நான் எழும்பிட்டேனா தூங்குதேனான்னு தெரியும், போன் காசு மிச்சம்'பாவ.

— அந்த டிக்கெட்டு ஜோக்கைச் சொல்லு உம்மா.

— நீயே சொல்லு.

— இங்கேர்ந்து போற டிக்கெட்ல காலையில ஆறு மணிக்குக் கிளம்பும், ஏழரைக்கு இறங்கும்னு இருக்கும். வர்ற டிக்கெட்ல ஒம்பதுக்குக் கிளம்பி மூணரைக்கு இறங்கும்னு இருக்கும். வாப்பா அதைக் கையில வெச்சுக்கிட்டு, 'பாத்தியா ஃபர்ஸி, வேலைக்குப் போக ஒன்றரை மணி நேரம், வீட்டுக்கு வர ஆறரை மணி நேரம். டிக்கெட்காரனுக்கே தெரிஞ்சிருக்கு'ன்னு சிரிப்பாங்க. அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் நான் அதை உண்மைன்னு நம்பினேன். எதிர்காத்து அடிக்குது, அதான் வாப்பா வர்றதே இல்லன்னு நினைச்சேன்.

— அழாதம்மா. எனக்கு மட்டும் கல்லா இருக்கு மனசு? அவனைத் தோள்ல தூக்கிக்கிட்டு சயான் ஆசுபத்திரிக்கு ஓடினவன் நான். அவனுக்கு அப்ப மஞ்சக்காமாலை. எட்டு வயசு. என் தம்பி முகத்தைப் பாக்க எனக்கு ஆசை இருக்காதா?

— இருந்தா கொண்டு வாங்க.

— முடியாதுன்னு சொல்லுதேம்லா!

— ஏன் முடியாதுன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கீங்க.

— ராபியா, ஊர் என்ன பேசுது தெரியுமா உனக்கு? மவுத்துச் சேதி வந்த மறுநாளே நீ இத்தாவுல உக்காந்திருக்கணும். நாலு மாசம் பத்து நாளு வாசப்படி தாண்டக்கூடாது. நீ குடம் தூக்கிக்கிட்டு பைப்படியில நிக்க. முந்தாநாள் செம்பூருக்கு பஸ் ஏறுனதை, தொழ வைக்கிற நம்ம ஹஸ்ரத்தே பாத்திருக்காரு. எனக்குத் தலை நிமுர முடியல பள்ளிவாசல்ல.

— நிமுர வேண்டாம். தொழும்போது குனியத்தான வேணும்.

— கேலி பண்ணாத.

— கேலி இல்ல. முகத்தைப் பாக்காம நான் இத்தா இருக்கமாட்டேன். பெட்டி வரட்டும், மூடியைத் தொறக்கட்டும், இவுகதான்னு நான் பாக்கட்டும். அன்னைக்கு வெள்ளையை உடுத்திக்கிட்டு மூலையில உக்காருதேன். நாலு மாசம் என்ன, நாப்பது மாசம் வேணும்னாலும் உக்காருதேன்.

— சட்டம் அப்படி இல்ல. மவுத்தான நேரத்துலேர்ந்து கணக்கு.

— எந்த நேரம்? அதை யாரு பாத்தா? ராத்திரி படுத்தாவ, காலையில எழும்பல. பக்கத்துக் கட்டில்காரன் இசக்கிதுரை எழுப்பிப் பாத்திருக்கான். அம்புட்டுத்தான் தெரியும். இருபத்திரெண்டு வருஷத்துல ஏழு தடவை வந்த மனுஷன், ஒரு போன்ல மவுத்துன்னா, நான் உடனே வளையலைக் கழட்டணுமோ?

— அந்த இசக்கிதுரை மாமா வாய்ஸ் மெசேஜ் இன்னும் என் போன்ல இருக்கு. கேக்க முடியல. அழுதுக்கிட்டே 'ஜெயினண்ணே, ஜெயினண்ணே'ன்னு உங்க பேரைத்தான் சொல்றாரு பெரியவாப்பா. உங்ககிட்ட சொல்லணும்னு நினைச்சிருப்பாரு போல.

— ஆங்... ஆமா. அவனுக்கு என்னைத் தெரியும்லா. சாத்தான்குளத்துக்காரன்.

— எப்படித் தெரியும்? அவரு பம்பாய்க்கே வந்ததில்லையே.

— தெரியும்னா தெரியும். நீ சும்மா இரு. ராபியா, நேரம் போவுது. இன்னைக்குப் பதினோரு மணிக்குள்ள இதைப் போட்டோ எடுத்து அனுப்பணும்னு கம்பெனிக்காரன் போன வாரமே சொல்லிட்டான். கீழ ஒரு கோடு இருக்குல்லா, அங்க. மேல எதையும் பாக்க வேண்டாம், அரபிதான்.

— மணி என்னட்டி?

— எது? இந்தக் கடிகாரமா? எட்டு பதினெட்டு. ஏன் உம்மா அதையே பாத்துக்கிட்டு இருக்க?

— சும்மா.

— பெரியவாப்பா, ஒரு டவுட். நீங்க சொந்த அண்ணன். கூடப் பொறந்தவரு. நீங்களே இதுல கையெழுத்துப் போடலாமே? உம்மாவை ஏன் இப்படி டார்ச்சர் பண்ணணும்?

— பொண்டாட்டி கையெழுத்துதான் செல்லும்.

— அண்ணன் தம்பி போட்டாலும் செல்லும். எங்க ஆபீசுல இந்த மாதிரி பெட்டி மாசத்துக்கு மூணு நாலு வருது. ஹ்யூமன் ரிமெய்ன்ஸ்ங்கிறதைச் சுருக்கி எச்.யூ.எம்.னு எழுதுவோம். நான்தான் பேப்பர் பாக்குறேன். உங்க ஆதாரை வெச்சு, கூடப் பொறந்தவர்னு ஒரு நோட்டரி வாங்கினா போதும்.

— என் ஆதாரை எதுக்கு? அதெல்லாம் வேண்டாம்.

— அப்ப வாப்பா பாஸ்போர்ட் நம்பராவது குடுங்க. நான் மூணு தடவை கேட்டேன். நம்பர் இருந்தா எங்க ஸ்ரீலேகா மேடம் நேரா ரியாத் ஆளுங்ககிட்ட பேசுவாங்க. ஒரே வாரத்துல கொண்டு வந்துருவாங்க.

— பாஸ்போர்ட்டு கம்பெனியில இருக்கு.

— காப்பி உங்ககிட்ட இருக்குன்னு கம்பெனிக்காரன் சொன்னானே.

— அவன் பொய் சொல்லுவான். எல்லாப் பயலும் பொய் சொல்லுவான்.

— அத்தனை பேருமா பெரிய மச்சான்?

— என்ன ராபியா அப்படிப் பாக்க?

— சும்மா. பத்தொம்பது நாளா உங்களைப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். ஏதாவது சொல்லுவீங்களான்னு.

— என்ன சொல்லணும்ங்க? சரி, நானும் பொறுத்துப் பாத்துட்டேன். ஒண்ணு கேக்கேன். இந்த மேல் ரூம் யாருது?

— உங்களுது.

— கீழ ஒர்க்‌ஷாப்? நீ கைப்பிடி தைக்கிற மெஷினு?

— உங்களுது.

— சர்வேக்காரன் வந்து நம்பர் அடிச்சிட்டுப் போயிருக்கான். கீழ் கடை, மேல் ரூம், எல்லாம் என் பேருல. புது பில்டிங் வந்தா இந்த வீட்டுக்குப் பதிலா ஒரு வீடு கெடைக்கும். அதுல உனக்கும் உன் மவளுக்கும் இடம் இருக்கணுமா, வேண்டாமா? நான் மிரட்டல. நான் சொல்லுதது விளங்குதா?

— இப்பத்தான் முழுசா விளங்குது.

— போடு, கையெழுத்தை.

— போடமாட்டேன். ரூமை எடுத்துக்கிடுங்க. இன்னைக்கே எடுத்துக்கிடுங்க. என் ரெண்டு கடிகாரத்தைக் கழட்டிக்கிட்டு எறங்கிருதேன். ஆண்டாப் ஹில்லுல ஆயிரம் குடிசை இருக்கு. எனக்குத் தைக்கத் தெரியும், என் மவளுக்கு எழுதத் தெரியும்.

— உம்மா! பெரியவாப்பா, இது ஓவர். ரூமைச் சொல்லி மிரட்டி வாங்கற கையெழுத்து என்ன கையெழுத்து? குடுங்க அந்தப் பேப்பரை. நான் படிக்கிறேன்.

— அது அரபிட்டி. குடுக்க மாட்டேன். ஏய், பிடுங்காத! கிழிஞ்சிரும்!

— மேல் பாதியை மடிச்சு வெச்சிருக்கீங்க. மடிச்ச பக்கம் பூரா இங்கிலீஷ் இருக்கு. ஹாங்... உடலை இங்கேயே அடக்கம் செய்ய சம்மதம்... குடும்பத்தாருக்கு ஆட்சேபணை இல்லை... இறந்தவர் பெயர்... அரே!

— ஃபர்ஸானா, குடும்மா அதை.

— இறந்தவர் பெயர் ஜெயினுலாப்தீன். தகப்பனார் ஷேக் மன்சூர். மனைவி ராபியா. பெரியவாப்பா, உங்க பேரைப் போட்டுட்டானுங்க! வாப்பா பேரு மைதீன் பிச்சை. இது என்ன வேலை? செத்தவங்க பேருக்குப் பதிலா அண்ணன் பேரை அடிச்சு வெச்சிருக்கான்!

— ஆமா... தப்புதான். டைப் அடிக்கிறவன் தப்பு. அது ஒண்ணும் பரவால்ல.

— பரவால்லயா? எங்க ஆபீசுல பெட்டி நம்பர்ல ஒரு எழுத்து தப்பினா சரக்கு நகராது. இது ஆளையே மாத்தியிருக்கான். இதுல கையெழுத்துப் போட்டா வாப்பாவை உங்க பேருலல்ல அடக்குவாங்க?

— தப்பு இல்லட்டி. அவன் சரியாத்தான் அடிச்சிருக்கான்.

— உம்மா?

— ராபியா, வேண்டாம். புள்ள முன்னாடி வேண்டாம். அல்லாவுக்காவ.

— பத்தொம்பது நாளு நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன் பெரிய மச்சான். என் வாயால வரக்கூடாதுன்னு உங்க தம்பி சத்தியம் வாங்கியிருந்தாவ. அவுகளுக்கு இனிமே அந்தச் சத்தியம் எதுக்கு? ஃபர்ஸானா, உக்காரு. உன் வாப்பா ரியாத்துக்குப் போனது உன் பெரியவாப்பா பாஸ்போர்ட்டுல.

— மத்லப்?

— விசா வந்தது இவுகளுக்கு. ஏஜெண்டுக்கு எல்லாம் கட்டியாச்சு. அந்த வாரம் உன் பெரியம்மா நூர் நிஷாவை இவுகளுக்குப் பேசி முடிச்சாவ. அவ வாப்பா இந்தக் கீழ் கடையை மாப்பிள்ளைக்கு எழுதி வைக்கேன்னாரு. கடை இருக்கும்போது எவன் பாலைவனத்துக்குப் போவான்? அப்ப உன் வாப்பாவுக்கு இருபது வயசு. பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டுங்கூட கெடையாது. அண்ணன் சர்டிபிகேட்டு, தம்பி போட்டோ. ஏஜெண்டு பண்ணிக் குடுத்தான்.

— அவனும் சம்மதிச்சுத்தான் போனான் ராபியா. நான் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளல.

— 'நாலு மணி நேரம்தானலே பிச்சை, ரெண்டு வருஷம் இருந்துட்டு வா, நான் பேரைச் சரி பண்ணி வைக்கேன்'னு சொன்னது யாரு?

— நான்தான். நான் மறுக்கல.

— சரி பண்ணுனீங்களா?

— ஏஜெண்டு ஓடிட்டான். அப்பறம் கேஸ் ஆயிரும்னு பயம். வருஷம் போயிட்டு.

— போயிட்டு. இருபத்திரெண்டு வருஷம். கல்யாணம் ஆகி பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது என் பேரையும் அதுல ஏத்தினாவ. காகிதத்துல நான் உங்க பொண்டாட்டி பெரிய மச்சான். நூர் நிஷாகிட்ட சொல்லிராதீங்க, கீழேர்ந்து உலக்கையோட வந்துருவா.

— அப்ப இசக்கிதுரை மாமா 'ஜெயினண்ணே'ன்னு அழுதது...

— உன் வாப்பாவைத்தான். அங்க எல்லாருக்கும் அவுக ஜெயினுலாப்தீன். அதான் இவுகளால உம்ராவுக்கும் போக முடியல. இவுக பேருல ஒரு பாஸ்போர்ட்டு ஏற்கெனவே ரியாத்துல வேலை செஞ்சுக்கிட்டு இருந்திச்சே. அழைப்பு எப்படி வரும்?

— யா அல்லா... பெரியவாப்பா, நிஜமா?

— என்னத்தைச் சொல்ல? நிஜம்தான். இப்ப நான் சொல்லுததையும் கேளுங்க ரெண்டு பேரும். பெட்டி இங்க வந்தா கூடவே காகிதமும் வரும். ஜெயினுலாப்தீன், ஷேக் மன்சூர் மவன், தாராவி விலாசம், மவுத்துன்னு இருக்கும். இங்க பதிவாவும். அப்பறம் இந்தக் கடை? என் ரேஷன் கார்டு, என் சர்வே நம்பர், என் புள்ளைங்க? உசுரோட இருக்கும்போதே நான் மவுத்தானவன் ஆயிருவேனே! அங்கேயே அடங்கிட்டா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. யாருக்கும் நட்டம் இல்ல. அதான் கேட்டேன். அவன் மேல பாசம் இல்லாம கேக்கல.

— யாருக்கும் நட்டம் இல்லையா?

— யாருக்கு?

— மைதீன் பிச்சைக்கு. அப்படி ஒருத்தரு மவுத்தாயிட்டாருன்னு இந்த உலகத்துல எந்தக் காகிதமாவது இருக்கா பெரிய மச்சான்? அங்க அடங்கப் போறது நீங்க. இங்க உசுரோட இருக்கதும் நீங்க. ரெண்டு பக்கமும் நீங்களே இருக்கீங்க. என் புருஷன் எங்க? வெயில்ல நின்னு இரும்பு கட்டுனது அவுக. அந்தச் சம்பளம் வேற பேருக்கு. படுத்த கட்டில்லயே செத்தது அவுக. அந்தச் சாவும் வேற பேருக்கா? சாவாவது சொந்தமா வேண்டாமா ஒரு மனுஷனுக்கு? நான் யாருக்கு இத்தா இருக்க? உங்களுக்கா?

— ராபியா...

— இத்தா இருக்க மாட்டேன்னு சொன்னனே, விளங்குதா இப்ப?

— கேஸ் ஆவும் ராபியா. ஆள்மாறாட்டம்னு என்னைத் தூக்கி உள்ள வைப்பான். உன்னையும் கேப்பான்.

— கேக்கட்டும். போலீஸ்காரன் வந்தா டீ போட்டுக் குடுத்து, மொதல்லேர்ந்து சொல்லுதேன். கபுரஸ்தான் புஸ்தகத்துல மைதீன் பிச்சைன்னு எழுதாம ஒரு பிடி மண்ணு விழ விடமாட்டேன். பொம்பளை அங்க வரக்கூடாதும்பாவ. வாசல்ல நிக்கேன். வாசல்ல நிக்கக்கூடாதும்பாவ. ரோட்டுல நிக்கேன். ரோடு ஜமாஅத்துக்குச் சொந்தமில்ல.

— கையெழுத்து இல்லாம பெட்டி எப்படி வரும்? நான் கொண்டு வரமாட்டேன். கம்பெனியும் அனுப்பாது. நீ ரோட்டுல நின்னு என்ன பண்ண?

— மணி என்னட்டி ஃபர்ஸானா?

— எட்டு முப்பத்திரெண்டு. உம்மா, இப்ப என்ன மணி கேட்டுக்கிட்டு...

— அந்த அரிசி டப்பாவைத் தொற. ஒரு சீட்டு இருக்கும். அதுல உள்ள நம்பரை உன் போன்ல போடு. வெண்டைக்காய் எங்க போவுதுன்னு பாப்பியே, அது மாதிரி.

— இது ஏர்வே பில் நம்பர். ஸ்ரீலேகா மேடம் கையெழுத்து இது! உம்மா, நீ முந்தாநாள் செம்பூர் போனது...

— உங்க ஆபீசுக்குத்தான், நீ ஏர்போர்ட்டுக்குப் போற நேரமா பாத்து. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை போனேன், அது ஹஸ்ரத்து கண்ணுல படல. ஊருக்கு அனுப்பச் சொல்லுத காகிதத்துல கையெழுத்துப் போட்டேன். ராபியா, ஜெயினுலாப்தீன் மனைவின்னு. இசக்கிதுரை அதைக் கொண்டு போய்க் கம்பெனியில உக்காந்து முடிச்சான். உன்கிட்ட சொல்லாதீங்கன்னு அந்த மேடத்துக்கிட்ட நான்தான் கேட்டேன். பெரியவாப்பாவுக்குச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் குடுக்கணும்லா.

— என்ன சொல்லுத ராபியா? கம்பெனிக்காரன் அப்பறம் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!

— பொண்டாட்டி கையெழுத்துதான் செல்லும்னு நீங்கதான சொன்னீங்க. அது வந்த பொறவு உங்ககிட்ட அவனுக்கு என்ன பேச்சு? நம்பரைப் போட்டியாட்டி?

— சுத்துது... வெயிட்... வந்துருச்சு. ரியாத், மும்பை. ஒரு பீஸ். எச்.யூ.எம். டிபார்ட்டட்... எட்டு முப்பத்தொண்ணு. உம்மா! ஒரு நிமிஷம் முன்னாடி! வாப்பா ஏறிட்டாங்க உம்மா, கிளம்பிட்டாங்க!

— இன்னும் நாலு மணி நேரம்.

— ராபியா, என் பேருல வாரான்டி அவன். அந்தப் பெட்டியில என் பேருல்லா ஒட்டியிருக்கும். ஊரு பூரா பாக்குமே. நான் என்ன செய்ய? நான் எங்க போவேன்?

— ஏர்போர்ட்டுக்கு. மூணு மணிக்கு இறங்குது பெரிய மச்சான், கை கால் கழுவி ஒளு எடுத்துக்கிட்டு வந்து சேருங்க. உங்க மய்யித்துக்கு நீங்களே தோள் குடுக்காம வேற யாரு குடுப்பா?